மன்னிப்பு முந்திக்கொண்டது

"செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டா, அந்த மன்னிப்பு யாருக்குப் போகும், மாமா?"

கேட்டவள் ஏழு வயது ஆய்லி. யாரிடம் கேட்டாளோ, அந்த ஆர்விதான் பனி மூடும் எங்கள் வடதேச ஊரின் ஜெப வீட்டில் ஞாயிறு பள்ளி நடத்திவந்தார். மற்ற நாட்களில் அவர் பால் லாரி ஓட்டுபவர். ஆற்றங்கரைப் பண்ணைகளின் வாசலில் ஏறி இறங்கிப் பால் கேன்களை எடுத்துப்போவது அவர் வேலை. அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயது.

ஆர்வி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "அடுத்த பாட்டைப் பாடுவோம்" என்றார். குழந்தைகள் பாடினார்கள். ஆய்லி வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம், அதற்கு முந்தைய வாரம் அவளுடைய அம்மா சைமிக்கு நடந்த பராமரிப்புக் கூட்டம். அந்த வருடங்களில் எங்கள் சபையில் இப்படிப்பட்ட கூட்டங்கள் அடிக்கடி நடந்தன. யாராவது வழி தவறிவிட்டதாகத் தெரிந்தால், எல்லாரும் கூடி, அவரை முன்னால் உட்காரவைத்து, பாவத்தை ஒப்புக்கொள்ளும்வரை அன்போடு கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அன்போடுதான். குரலை உயர்த்தி யாரும் பேசியதில்லை. ஒப்புக்கொண்டால் அந்த நிமிடமே மன்னிப்பு. கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன, நம்பு" என்பார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மன்னிப்பு இல்லை. அதன்பின் அவர் விசுவாசி அல்ல. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "தேவ சமாதானம்" என்போம். வெளியாருக்கு வெறும் "வணக்கம்".

சைமி விதவை. மூன்று மாடும் ஒரு மகளும் வைத்திருந்தாள். தொலைக்காட்சி வைத்திருப்பது எங்கள் சபையில் பாவம். டிசம்பர் மாதம், மூன்று மணிக்கே இருட்டிவிட்ட ஒரு மதியம், லாரியில் போன ஆர்வி அவள் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நீல வெளிச்சத்தைப் பார்த்தார். சபை சுத்தமாக இருக்கவேண்டும் என்று அவருக்கு உண்மையான கவலை இருந்தது. பார்த்ததைச் சபை கூடியிருந்தபோது சொன்னார்.

"அது டிவி இல்ல. வெயில் விளக்கு. ஆய்லிக்குத் தோல் வெடிக்குது, சுகாதார நர்ஸ் குடுத்தாங்க" என்றாள் சைமி, கூட்டத்தில்.

"ஒண்ணை மறைக்க இன்னொண்ணா, சைமி?"

"வீட்டுக்கு வந்து பாருங்களேன்."

"நாங்க வீட்டைச் சோதனை போடுறவங்க இல்ல. உள்ளத்தைத்தான் கேக்கிறோம்."

நான்கு மணி நேரம் கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

ஏப்ரல் மாதம் அந்த நர்ஸ் ஆர்வியின் லாரியை நிறுத்தி, ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தாள். "இதை ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற அந்தப் புதுக் குழந்தை வீட்டுல குடுத்துடுங்க. சைமி வீட்டுல வேலை முடிஞ்சிடுச்சு" என்றாள். அந்த வீட்டில் ஆர்வியே பிளக்கைச் செருகிக்கொடுத்தார். அறை முழுவதும் நீல வெளிச்சம் பரவியது.

அந்த வாரமே அவர் தூரத்து ஊரில் இருந்த ஒரு வயதான பிரசங்கியிடம் போனார். "ஒருத்தரைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். யாரைப் பற்றி என்று பிரசங்கி கேட்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்பை அறிவித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆர்வி பாடிக்கொண்டே திரும்பி வந்தார். மறுநாள் சைமி வீட்டு வாசலில் கேனைத் தூக்கும்போது அவள் எதிரே வந்தாள். அவர் வாயில் "வணக்கம்" என்றுதான் வந்தது.

இப்படியே முப்பத்திரண்டு வருடம் போயிற்று.

*

போன குளிர்காலத்தில் சைமியைச் சுகாதார நிலையத்தின் படுக்கைப் பிரிவில் சேர்த்தார்கள். இதயம் களைத்துவிட்டது, இரண்டு மூன்று வாரம் தாங்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கடையில் பேச்சு. ஆர்வி அன்று இரவு சாப்பிடவில்லை.

"என்ன உனக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி ஹில்க்கா.

அவர் சொன்னார். திருமணமாகி நாற்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னார். ஹில்க்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பவே மன்னிப்பு வாங்கிட்டேல்ல?"

"வாங்கிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"அவகிட்ட வாங்கல."

ஹில்க்கா அவருடைய தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "நாளைக்குப் போ. நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போ" என்றாள்.

லாரி ஓட்டிய அதே சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, "தேவ சமாதானம்" என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அறைக் கதவைத் திறந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது.

"வணக்கம்" என்றார்.

"வணக்கம்" என்றாள் சைமி. முகம் சுருங்கிப் போயிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. "பால் எடுக்க வந்தியா? இங்க மாடு இல்லடா ஆர்வி, நான்தான் கிடக்கிறேன்."

ஆர்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சைமி, அது டிவி இல்லன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குந்தான் தெரியும்."

"எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அந்த ஏப்ரல்லயே. நர்ஸ் அந்த விளக்கை என் லாரியிலதான் குடுத்து அனுப்பினாங்க."

சைமி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பனி அள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்தாள்.

"அப்ப நீ தெரிஞ்சேதான் என் வாசல்ல வந்து கேனைத் தூக்கிட்டுப் போயிருக்க."

"ஆமா."

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை."

"ஆமா."

"நான் என்ன நினைச்சுட்டிருந்தேன் தெரியுமா? பாவம், இவன் நிஜமாவே டிவின்னு நம்பிட்டான், நல்லது செய்யிறோம்னு நினைச்சுப் பண்ணிட்டான்னு நினைச்சேன். மத்தவங்க மேல கோவம் இருந்துச்சு. உன் மேல மட்டும் இல்ல. உன்னை எப்பவோ மன்னிச்சு விட்டுட்டேன்."

தமக்கு இருந்த ஒரே மன்னிப்பைத் தம் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்பது ஆர்விக்கு அப்போதுதான் புரிந்தது.

"மன்னிச்சிடுங்க, சைமி."

"நீ சுத்தமாகணும். அதுக்கு நான் சோப்பா?"

அவர் தலை குனிந்திருந்தார்.

"எல்லாரும் கூடியிருந்தப்ப சொன்னல்ல? எல்லாரும் கூடியிருக்கிறப்ப திருப்பிச் சொல்லு. என் பேரைச் சொல்லு. விளக்குன்னு சொல்லு. நான் பொய் சொல்லலன்னு சொல்லு. அப்புறம் வா, பாக்கலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சீக்கிரம் சொல்லு. எனக்கு நேரம் இல்ல" என்றாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெப வீடு நிறைந்திருந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஆர்வி எழுந்து முன்னால் போனார். சபையை நடத்துகிற ஈசாக்கி நல்ல மனிதர். நாற்பத்தைந்து வயது. அந்தக் கூட்டம் நடந்தபோது பள்ளிக்கூடப் பையன். அவருடைய அப்பாதான் அன்று கேள்வி கேட்டவர்களில் முதல் ஆள். காலமாகிப் பல வருடம் ஆயிற்று.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் ஆர்வி. எழுதி வைத்திருந்த தாள் பையில் இருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை. "முப்பத்திரண்டு வருஷமா என் மனசுல ஒரு பாரம். ஒருத்தரைப் பத்தி நான்..."

அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வயது மனிதர், லாரி ஓட்டிக் காய்த்த கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். இன்னொருத்தி, "நம்பு, சகோதரா, நம்பு" என்றாள். ஈசாக்கி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"எல்லாம் மன்னிக்கப்பட்டது, ஆர்வி சகோதரரே. இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும்..."

"இல்ல, இருங்க. நான் இன்னும் சொல்லல."

"சொல்ல வேண்டியதில்ல. அவருக்குத் தெரியும்."

"பேரு... பேரைச் சொல்லணும்..."

அதற்குள் யாரோ பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்மோனியம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். வயதான ஒருவர், "நானும் உன் லாரிச் சத்தத்துக்காக ஒருதரம் உன்னைத் திட்டியிருக்கேன், மன்னிச்சுக்கோ" என்று அழுதார். ஆர்வி அவரை மன்னித்தார். வேறென்ன செய்வது? ஈசாக்கியின் தோளில் வாயை வைத்து, "சைமி" என்றார். தடித்த கம்பளிக் கோட்டுக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கொடுத்தது இருப்பதிலெல்லாம் நல்ல பொருள். அதை வாரி வாரிக் கொடுத்தார்கள். ஆனால் உள்ளத்தைக் கழுவுகிற அவசரத்தில் நாம் சில சமயம் அழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆர்வியின் அழுக்கு ஆர்வியிடம் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் சுத்தமாகியிருப்பார். அதில் பாதி இன்னொருத்தியின் பெயர்மேல் ஒட்டியிருந்தது.

காப்பி நேரத்தில் ஆர்வி ஈசாக்கியைத் தனியாகப் பிடித்து, நடந்ததைச் சொல்லி முடித்தார். ஈசாக்கி கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அப்பாவையும் சேர்த்துச் சொல்ற மாதிரி ஆகுமே."

"ஆகும்."

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. பதில் சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்துல இருந்தவங்க பிள்ளைங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. பழசைக் கிளறினா எத்தனை மனசு நோகும்? நீங்க இன்னைக்குச் சுத்தமாயிட்டீங்க. சந்தோஷமாப் போங்க. ரொட்டி எடுத்துக்குங்க, ஏலக்காய் போட்டது."

ஆர்வியின் கையில் ரொட்டி இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். ஹில்க்கா வந்து அதை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, அவரை வெளியே அழைத்துப் போனாள்.

*

"சொன்னியா?" என்றாள் சைமி மறுநாள். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"ஆரம்பிச்சேன்."

"அப்புறம்?"

"மன்னிச்சிட்டாங்க."

"பேரைச் சொல்றதுக்குள்ளயா?"

"அதுக்குள்ள பாட ஆரம்பிச்சிட்டாங்க."

சைமி அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் ஓடிவந்து தலையணையை உயர்த்தி வைத்தாள். "அவங்களைச் சிரிக்க வைக்காதீங்க" என்று ஆர்வியை அதட்டினாள்.

"என்னை நாலு மணி நேரம் கேட்டாங்க" என்றாள் சைமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உனக்கு ரெண்டு நிமிஷம். நீ குடுத்து வச்சவன்டா."

"வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் சொல்றேன். முதல் வார்த்தையே உங்க பேராத்தான் இருக்கும்."

சைமி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று ஆர்வி எழுந்தபோது பேசினாள்.

"ஆய்லி சனிக்கிழமை வரா. ஸ்வீடன்லேருந்து. ஒரு மாசமா வீடு பூட்டிக்கிடக்கு. குளிர்ல அவ தோலு இன்னும் வெடிக்கும். ஓட்டல்ல தங்குடின்னா கேக்க மாட்டேங்கிறா. அம்மா வீட்டுலதான் தங்குவாளாம்." அவரிடம் எதையும் கேட்பதுபோல் அவள் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னாள். "போ. களைப்பா இருக்கு."

வியாழக்கிழமை காலை அவள் இறந்துபோனாள்.

கடைக்காரி சொல்லித்தான் ஆர்விக்குத் தெரிந்தது. வாங்கிய சாமானை அங்கேயே வைத்துவிட்டுக் காரில் ஏறினார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் மூன்று பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். மூவர் வீட்டுக்கும் அன்றே போனார். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. ஆர்வி கத்திச் சொன்னார், அவர் தலையை ஆட்டிக்கொண்டே, பனி இந்த வருடம் அதிகம்தான் என்றார். இன்னொருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சைமின்னா யாரு?" என்றார். மூன்றாமவள் கேட்டாள், புரிந்துகொண்டாள், வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஆர்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இயேசுவின் நாமத்திலும் என்று ஆரம்பித்தாள். ஆர்வி அவள் கைகளை மெதுவாக எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. ஆர்வி காரைச் சாலையோரப் பால் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஒரு பையும் மண்வாரியும் எடுத்துக்கொண்டு நடந்தார். ஹில்க்காவிடம் டவுனுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பையில் கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் பாலும் அவளே எடுத்து வைத்திருந்தாள்.

சைமி வீட்டுப் பாதையில் இடுப்பளவு பனி. கதவுவரை அள்ளி முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. விறகுக் கொட்டகையின் ஆணியில் சாவி இருந்தது. இங்கே எல்லார் வீட்டுச் சாவியும் அங்கேதான் இருக்கும்.

உள்ளே வெளியைவிடக் குளிராகத் தோன்றியது. பெரிய செங்கல் அடுப்பில் நெருப்புப் போட்டார். குளிர்ந்து கிடந்த புகைபோக்கி புகையை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பியது. இருமிக்கொண்டே பழைய செய்தித்தாளைக் கொளுத்தி மேலே காட்டிக் காட்டி, ஒரு வழியாக அதை இழுக்க வைத்தார். தண்ணீர்க் குழாய் உறைந்திருந்தது. பனியை உருக்கிக் கொதிக்க வைத்து, துணியை முக்கிக் குழாயில் சுற்றி, ஆறியதும் மறுபடி முக்கிச் சுற்றினார். மதியத்துக்கு மேல் குழாய் ஒருதரம் செருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

படுக்கை ஈரமாக ஜில்லென்று இருந்தது. மெத்தையை எடுத்து அடுப்பின் அருகே நிறுத்தினார். போர்வைகளைக் கயிற்றில் போட்டார். நான்கு நாளுக்கு விறகு கொண்டுவந்து அடுக்கினார். சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் விறகை அடுக்கித் தீக்குச்சி கிழித்தால் போதும் என்று வைத்தார். பிறகு முழங்காலில் நின்று, தம் காலணி கொண்டுவந்த பனிச் சேற்றைத் தரையிலிருந்து துடைத்தார். துடைக்கும்போது ஜெபம் செய்ய நினைத்தார். வார்த்தை வரவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

சட்டைப் பையில் ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதிய தாள் இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம் என்று எடுத்தார். சைமியின் பெயர், விளக்கு, ஏப்ரல் மாதம், எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி மன்னிப்புக் கேட்கிற வரி. சூடான வீட்டுக்குள் நுழைகிற பெண் இதைப் படித்தால், மன்னிக்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? ஆய்லியிடம் நேரில் நின்று சொல்லவேண்டும். அவள் கதவைச் சாத்த நினைத்தால் சாத்த முடிகிற இடத்தில் நின்று சொல்லவேண்டும். தாளைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார்.

இருட்டத் தொடங்கியபோது மெத்தை காய்ந்திருந்தது. படுக்கையை விரித்தார். ரொட்டியையும் வெண்ணெயையும் அலமாரியில் வைத்தார், பாலை ஜன்னலோரத்தில். நெருப்பு முழுவதும் அடங்கிக் கங்கு மட்டும் மிஞ்சும்வரை அடுப்பின் முன் உட்கார்ந்திருந்து, புகைவழியை மூடினார். செங்கல்லைத் தொட்டுப் பார்த்தார். நாளை மதியம் பஸ் வரும்வரை சூடு நிற்கும்.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.